வெறும் லோரியின் எடை

செம்பனை ஆலைக்குள் லோரி நுழையும்போது ஒரு நிறுவை.
குலைகளைக் கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொன்று.
கழித்தால் சரக்கு.
பத்தொன்பது வருஷமாய் என் வேலை இந்தக் கழித்தல்.
மழை நாளில் மட்டும் கணக்கு நழுவும்,
டயரிலிருந்து உள்ளே உதிர்ந்த சேறும்
பழமென்று பதிவாகிவிடும்.

சீனப் பெருநாளுக்கு முந்தின வாரம்
எண் தப்பென்று ஒரு டிரைவர் கத்தினான்.
தப்பு என்னுடையதல்ல.
மன்னிக்கணும் என்றேன்.
மறுபடியும் மன்னிக்கணும் என்றேன்.
மூன்றாவதற்கு மூச்சு வரவில்லை.
செகாமட் ஆஸ்பத்திரியில் இதயத்தைப் படமெடுத்தார்கள்.
அதற்கு ஒன்றுமில்லையாம்.
ஒரு சீட்டில் ஒரு பேர் எழுதிக் கொடுத்தார்கள்.

லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிர்வரிசை,
சைக்கிள் கடைக்கு மேல்மாடி, பதினேழு படி,
வியாழன் ஐந்தரை மணி.
ஹேமலோஜினிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு.
முதல் எரிச்சல் அதுதான்.

ஒரு வாரம் கேட்பார்,
அந்தக் கத்தலில் யாருடைய குரல் கேட்டது?
ஒரு வாரம் ஒன்றும் கேட்காமல்
பாதம் தரையில் படுவதைக் கவனிக்கச் சொல்வார்.
ஒரு வாரம் நோட்டில் நடுவே கோடு,
நான் பயந்தது இந்தப் பக்கம், நடந்தது அந்தப் பக்கம்.
ஒருமுறை காலி நாற்காலியை இழுத்துப் போட்டு
அப்பாவிடம் பேசுங்கள் என்றார்.
சாப்பிட்டீங்களா என்று கேட்டேன் நாற்காலியை.
அதற்குமேல் வரவில்லை.

இதென்ன, ஒரு மருந்தென்று இல்லாமல் கதம்பமாய்?
"எந்த ஆள் படியேறி வருகிறாரோ
அவருக்குத் தக்கதாய்" என்றார்.
ஒரு மணிக்கு எண்பது வெள்ளி.
காசுக்கு வாங்கும் அக்கறை அக்கறையா
என்றும் கேட்டுவிட்டேன்.
"அடிக்கடி கேளுங்கள்" என்றார்.
கோபம் இருக்கிறதா என்று முகத்தைத் தேடினேன்.
தேடுவது எனக்குப் பழக்கம்.

ஆறாம் மாதம் சொன்னேன்.
ஒன்பது வயது. சம்பளம் போட்ட மறுநாள்.
தோட்டத்துக் கடைக்கு அப்பா என்னைத்தான் அனுப்புவார்.
கல்லா உயரம் என் மூக்குவரை.
"மன்னிச்சிருங்க தவுக்கே, அடுத்த மாசம்."
பாக்கி அவருடையது, வாக்கியம் என்னுடையது.
மண்ணெண்ணெய் வாசம்வரை சொல்லி வந்தபோது
அவர் கண் ஒரு நொடி
சுவர்க் கடிகாரத்துக்குப் போய்த் திரும்பியது.

மன்னிக்கணும், நேரமாச்சு என்று எழுந்தேன்.
பதினேழு படியும் ஞாபகமில்லை.

இரண்டு வியாழன் போகவில்லை.
மூன்றாவதற்கு ஏன் போனேன்?
கோபத்தைத் திருப்பிக் கொடுக்கத்தான் என்று நினைக்கிறேன்.
உட்காரும் முன்னே அவர் சொன்னார்,
"கடைக்கு முன்னால் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள்.
நான் மணி பார்த்தேன். அது என் தப்பு."

அவ்வளவுதான்.
அன்று தலைவலி என்றோ
அடுத்த ஆள் காத்திருந்தார் என்றோ சொல்லவில்லை.
பரவாயில்லை என்று ஓடிய நாக்கை
நடுவழியில் பிடித்தேன்.
"வலிச்சுது" என்றேன்.
என் குரலா அது? கீழே சரக்கு ரயில் வந்தது.
ஜன்னல், தண்ணீர்க் கிளாஸ், என் முழங்கால்,
எல்லாம் ஒன்றாய் அதிர்ந்தன.
நாற்பது பெட்டி இருக்கும்.
கடைசிப் பெட்டி போகும்வரை
இரண்டு பேரும் பேசாமல் காத்திருந்தோம்.
அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று திங்கள். அதே டிரைவர், அதே கத்தல்.
சீட்டை வாங்கிப் பார்த்தேன்.
வெறும் லோரியின் எடையில்
அறுபத்து நான்கு கிலோ கூடுதல்.
அவன் உதவியாள் பாலத்தைவிட்டு இறங்குமுன்
பொத்தானை அழுத்தியிருக்கிறேன்.
ஒரு மனுஷனை இரும்போடு சேர்த்து நிறுத்துவிட்டேன்.

"அது என் தப்பு" என்றேன்.
ஒரே ஒரு தடவை.
பழைய சீட்டைக் கிழித்துப் புதுசாய் அடித்தேன்.
அவன் இன்னும் எதையோ எதிர்பார்த்து நின்றான்.
பின்னால் ஏழு லோரி ஹாரன் அடித்தது.
மூச்சு வந்துகொண்டிருந்தது, போய்க்கொண்டிருந்தது.

வியாழனுக்கு இன்னும் மூன்று நாள்.
அந்த உதவியாளின் பேரை அதற்குள் கேட்டுவைக்க வேண்டும்.